குதிரை இல்லாத தாத்தா துப்பாக்கி

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் உள்ளான் பறவை சுட வாங்கியதாகச் சொல்வார்கள். வெளியே குதிரைகள் (கட்டைவிரலால் இழுத்து ஏற்றும், சுடும்போது விழுந்து அடிக்கும் பாகம்) கிடையாது. ஆனால் குதிரை இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு பக்கத் தகட்டிலும் வட்டமாக எதையோ வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. குழல் முழுக்கப் பாம்புத்தோல் போல வரி. குழல்களின் நடுவே மேலே ஓடும் மேல்பட்டையில் ஒரு பெயரும் 'லண்டன்' என்றும் எழுதியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்து பார்த்த ஒருவர், "இது 1872 வாக்கில் செய்த சோதனை மாதிரி. வெளிக்குதிரையை உள்குதிரையாக மாற்றிய அபூர்வ சரக்கு. நூறு வருஷம் தாண்டிவிட்டதால் லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை, என்னிடமே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது, அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்பா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் செங்கல் பொடியும் புளியும் போட்டுத் தேய்ப்பார். கஜா புயலில் ஓடு பறந்து பத்து நாள் நனைந்து கிடந்தது. திறந்தால் குழல் கைக்குக் கனக்காமல் லேசாக மடங்குகிறது, சத்தம் எதுவும் இல்லை. குழலின் அடியிலுள்ள முத்திரைகளையும் பக்கத் தகடுகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இது அசலா? என்ன செய்யலாம்?

பதில்: வந்தவர் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று நிச்சயம் தவறு, ஒன்று பெரும்பாலும் தவறு, ஒன்று சரியாக இருக்கலாம். நிச்சயம் தவறானதில் இருந்து ஆரம்பிக்கிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது.

நூறு வருஷம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை அரைகுறையாகப் படித்துவிட்டுத்தான் பலரும் இப்படிப் பேசுகிறார்கள். வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று சொல்லிவிட்டு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கூடவே சொல்கிறது. உங்களுடையது 12 போர் என்ற குழல் அளவு. அதற்கான தோட்டா இன்றைக்கும் கடையில் விற்கிறது. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் அதை மாற்றிப் போட முடியும். ஆகவே அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

உங்கள் அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. இப்போது அந்தத் துப்பாக்கி யார் பெயரிலும் இல்லாமல் உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த நிலையில் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. ஒரு வருஷம் கடந்துவிட்டதால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்கள் சொல்கிற முறைப்படி கொண்டுபோங்கள். துணியில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். வாரிசுக்கு உரிமம் தருவதற்கென்றே 2016 ஆயுத விதிகளில் தனி விதி இருக்கிறது. திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ரசீதில் வெறுமனே 'டி.பி.பி.எல். துப்பாக்கி 1' என்று எழுதுவார்கள். இரட்டைக் குழல், பின்பக்கம் திறந்து தோட்டா போடும் வகை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. குழலில் உள்ள பெயர், வரிசை எண், குழலின் நீளம், தகட்டின் படம் எல்லாம் ரசீதோடு சேர வேண்டும். தேர்தல் சமயத்தில் ஊரிலுள்ள துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவது உங்களுக்குத் தெரியும். ஒன்றின் முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரப்பாகம்) இன்னொன்றில் மாட்டிக்கொண்டு திரும்பிய துப்பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது துப்பாக்கிக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் உதவியது குழலின் அடிப்பக்கம்தான். கிரீடத்துக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல்கள் தெரிகின்றன. ஒரு முத்திரையில் பி, பி, சி என்ற எழுத்துகள், இன்னொன்றில் வி. இது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால் மட்டும் அடிப்பது. 1813இல் அந்தச் சாலை தொடங்கியதிலிருந்து 1904 வரை இந்த உருவம் இருந்தது. இது மட்டும் இருந்திருந்தால் தொண்ணூறு வருஷ இடைவெளியில் எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம். நல்லவேளையாக, பக்கத்திலேயே ஒரு சாய்சதுரமும் அதற்குள் 12 என்ற எண்ணும் அதன்கீழ் சி என்ற எழுத்தும் இருக்கின்றன. அந்தச் சாய்சதுரம் 1887இல்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆக, இந்தக் குழல் 1887க்கும் 1904க்கும் இடையில் சோதிக்கப்பட்டது.

1872 என்ற கதை இங்கேதான் இடிக்கிறது. அந்த வருஷத்தை அவர் சும்மா சொல்லவில்லை, விஷயம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். வெளிக்குதிரை இல்லாத துப்பாக்கி இங்கிலாந்தில் பேச்சுக்கு வந்த காலம் அது. 1871இல் லண்டனைச் சேர்ந்த மர்காட் என்பவர் நெம்புகோலைத் தள்ளினால் உள்குதிரை ஏறிக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1875இல் பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர், குழலை மடக்கும்போதே குதிரை தானாக ஏறும்படி செய்தார்கள். இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் பார்க்கும் இரட்டைக் குழல்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் யார் யாரோ என்னென்னவோ முயன்று பார்த்தார்கள். அப்படி ஒரு முயற்சி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் பெரிய விஷயம்தான். ஆனால் 1887க்குப் பிறகு முத்திரை வாங்கிய குழல் 1872இன் சோதனை மாதிரியில் இருக்கக் காரணம் வேண்டும். பழைய ஆக்‌ஷனில் (குழல் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்பு உடல்) பிற்பாடு புதுக் குழல் பொருத்தியிருக்கலாம், அல்லது பழைய குழலையே மறுபடி சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். முந்தைய காலத்து முத்திரை எதுவும் படத்தில் இல்லாததால் இரண்டாவது வாய்ப்பு குறைவு. முதல் வாய்ப்பைப் பார்க்க வரிசை எண் போதும். குழலிலும் முன்கட்டை இரும்பிலும் ஒரே எண் இருப்பது படத்தில் தெரிகிறது. ஆக்‌ஷனில், குழலின் தட்டையான அடிப்பாகம் வந்து உட்காரும் பரப்பில், ஓர் எண் இருக்கும். அதை நீங்கள் படம் எடுக்கவில்லை. மூன்றும் ஒன்றானால் 1872 கதையை மறந்துவிடலாம்.

அடுத்து அந்த வட்டம். எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான்.

வெளிக்குதிரைத் துப்பாக்கியில், பூட்டுக்குள் (பக்கத் தகட்டின் உட்புறம் உள்ள, குதிரையை இயக்கும் பொறி) சுழலும் பாகத்தின் அச்சு தகட்டைத் துளைத்து வெளியே வரும், அதன் நுனியில் குதிரையை மாட்டியிருப்பார்கள். குதிரையைக் கழற்றினால் அந்தத் துளை மிஞ்சும், அதை அடைப்பார்கள். ஆகவே அடைத்த வட்டம் என்றால் மாற்றம் செய்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பிறவியிலேயே வெளிக்குதிரை இல்லாத நல்ல பக்கப்பூட்டுத் துப்பாக்கிகளிலும் அதே இடத்தில் ஒரு வட்டம் உண்டு. உள்குதிரையின் அச்சு நுனியைத் தகட்டின் மட்டத்துக்கு விட்டு, அதன்மேல் ஒரு கோடு, பல சமயம் தங்கத்தில், பதித்திருப்பார்கள். குதிரை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அந்தக் கோடு காட்டும். திறந்து மூடினால் கோடு திரும்பும். அடைப்பு திரும்பாது. கோட்டில் தங்கம் உதிர்ந்து அழுக்கேறியிருந்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

உங்கள் படத்தில் இடது பக்க வட்டம் தகட்டு மட்டத்திலிருந்து நூலளவு இறங்கியிருக்கிறது. கோடு ஏதும் தெரியவில்லை. தகட்டிலுள்ள கொடிக்கோலம் வட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு, வட்டத்தின்மேல் வேறு ஆழத்தில் தொடர்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் அடைப்பு என்றே நினைக்கிறேன். அந்த வகையில் வந்தவர் சொன்ன 'மாற்றியது' என்பது சரியாக இருக்கலாம்.

உறுதி செய்ய இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டும். வெளிக்குதிரை மேலிருந்து சரிவாக வந்து அடிக்கும். அதனால் தோட்டாவைக் குத்தும் ஊசியும் வெளிப்பக்கத்திலிருந்து சாய்வாகவே உள்ளே போகும். உள்குதிரை பின்னாலிருந்து அடிப்பதால் ஊசி ஏறக்குறைய நேராக இருக்கும். மாற்றியிருந்தால் பழைய சாய்ந்த துளையை அடைத்திருக்க வேண்டும். குழலின் பின்முனைக்குப் பின்னால் இருபுறமும் உருண்டு நிற்கும் இரும்புத் தோள்களில் அந்த அடைப்பின் தடம் இருக்கும். வெயிலில் ஒருக்களித்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள், வட்டமான நிழல்கோடு விழும். கட்டைக்கு மேலே நீளும் இரும்பு நாக்கில் உள்ள சேஃப்டியையும் எடுங்கள். வெளிக்குதிரைத் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் இருக்காது. பிற்பாடு வெட்டியிருந்தால் கோலத்தை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

குழல் லேசாக மடங்குகிறது, சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். உள்குதிரையை ஏற்ற யாராவது பலம் கொடுத்தாக வேண்டும். கட்டைவிரலால் இழுக்கக் குதிரை இல்லாதபோது அந்தப் பலம் குழலை மடக்கும் கையிலிருந்து வரும், அல்லது மர்காட் செய்தது போல ஒரு நெம்புகோலிலிருந்து வரும். மடக்கும்போது ஸ்பிரிங் அழுந்துவது கைக்குத் தெரியும், கடைசியில் 'கடக்' என்று பிடிக்கும். இதற்குப் பெரிய விதிவிலக்கு லண்டன் பர்டி நிறுவனத்தின் துப்பாக்கி. பீஸ்லி என்பவர் 1880இல் கண்டுபிடித்த அந்த அமைப்பில் திறப்பது சுலபம், மூடும்போதுதான் கனக்கும். உங்களுடையது மூடும்போதும் லேசாகவே இருக்கிறது என்றால், உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது குதிரையை ஏற்றும் தண்டு தேய்ந்து எட்டாமல் போயிருக்கிறது, அல்லது பூட்டுக்குள் எதுவுமே இல்லை. வெறும் தகட்டை மாட்டி வைத்த துப்பாக்கிகளும் உண்டு. முன்கட்டையைக் கழற்றினால் தெரியும் இரும்பில், மடங்கும் முட்டுக்குப் பக்கத்தில், தண்டு வரும் பள்ளங்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளமே இல்லை, நெம்புகோலும் இல்லை என்றால் இது உள்குதிரையாக ஒருநாளும் சுட்டதில்லை. யாரோ குதிரையைக் கழற்றி அழகுக்கு அடைத்திருக்கிறார்கள்.

அதற்காக நீங்கள் தகட்டைத் திறக்க வேண்டாம். இங்கிலீஷ் துப்பாக்கித் திருகுகளின் வெட்டு மிக மெல்லியது. வீட்டு ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் திருகின் தலை கிழியும், கிழிந்த தலை இருந்தால் பார்க்கிறவன் முதல் நொடியிலேயே விலையைக் குறைப்பான். விசையைத் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது இன்னும் மோசம். துப்பாக்கியைப் பழுதுபார்க்க, மாற்ற, சோதித்துப் பார்க்கக்கூட உரிமம் உள்ளவருக்குத்தான் அனுமதி.

மாற்றம் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் போலி என்று அர்த்தமா? இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்த துப்பாக்கியைப் பின்பக்கம் திறப்பதாக மாற்றியதும், பக்கவாட்டில் முள் நீட்டியிருக்கும் முள் தோட்டாவுக்குச் செய்ததை, அடியின் நடுவில் ஊசி குத்தும் நடுக்குத்துத் தோட்டாவுக்கு மாற்றியதும் அந்தக் காலத்தில் கௌரவமான பட்டறைகள் செய்த வேலைதான். நல்ல குழலைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. வெளிக்குதிரையை உள்ளே தள்ளியது அவ்வளவு சகஜம் இல்லை, புதிதாக வாங்குவதே லாபமாக இருந்திருக்கும். ஆனாலும் செய்தார்கள். எனவே மாற்றினார்களா என்பதைவிட, யார் மாற்றினார்கள் என்பதுதான் மதிப்பைத் தீர்மானிக்கும். பட்டறையில் செய்திருந்தால் ஆக்‌ஷனின் கடினப்படுத்திய மேற்பரப்பை இளக்கி, வெட்டி, மறுபடி கடினப்படுத்தி, கோலத்தையும் புதுப்பித்திருப்பார்கள். வெட்டின் ஓரங்கள் கத்தி வைத்த மாதிரி இருக்கும். நம் ஊரில் செய்திருந்தால் அரத்தின் பல் தடம் தெரியும், அடைப்பு பித்தளையாகக்கூட இருக்கும். கும்பகோணத்திலும் நாச்சியார்கோயிலிலும் உலோகத்தில் கை தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் வேலை சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து லண்டன் என்று சொல்லிவிட முடியாது. இடது வட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இது உள்ளூர் வேலை என்றே படுகிறது. கையில் எடுத்துப் பார்க்கும்வரை அதற்குமேல் போக மாட்டேன்.

'லண்டன்' என்ற எழுத்தும் பர்மிங்ஹாம் முத்திரையும் முரண்படுகிறதே என்று கேட்பீர்கள். முரண்பாடு இல்லை. லண்டன் கடைகள் பலவும் பர்மிங்ஹாமில் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்தன. கல்கத்தாவின் மேன்டன், ரோடா கடைகள் விற்ற துப்பாக்கிகளில் பலவும் அப்படி வந்தவைதான். பயப்பட வேண்டியது முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால். அது பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை. அங்கிருந்து நல்ல துப்பாக்கிகளும் வந்தன, 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்டும் பெயர் போட்ட மலிவு சரக்கும் வந்தது. உங்கள் படத்தில் அந்த முத்திரை இல்லை. மேல்பட்டையில் உள்ள பெயரை இங்கே நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த நிறுவனத்தின் பேரேடு இன்னும் இருந்தால், வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். விற்றபோது வெளிக்குதிரையா உள்குதிரையா என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். பர்டி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரி பழைய வீடுகள் இப்படிப் பதில் தருகின்றன.

பாம்புத்தோல் வரி பற்றி ஒரு வார்த்தை. இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டிய குழல் அது. டமாஸ்கஸ் என்பார்கள். சாதாரண எஃகுக் குழலில் அமிலத்தால் அதே வரியை வரைந்ததும் உண்டு. முன்கட்டைக்கு அடியில் மறைந்த பகுதியில் வரி நின்றுவிட்டால் வரைந்தது. உங்களுடையதில் நிற்கவில்லை. ஆனால் இது கருமருந்துக் காலத்துக் குழல், புகையில்லா மருந்துக்கான என்.பி. முத்திரை எங்கும் இல்லை. கஜா புயலில் ஓடு பறந்து பத்து நாள் நனைந்து கிடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒட்டிய இடங்களுக்குள் துரு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. லைசென்ஸ் கிடைத்தாலும் இதில் இன்றைய தோட்டாவைப் போட்டு ஒருநாளும் சுடாதீர்கள்.

அப்பா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் செங்கல் பொடியும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார் என்று பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார், பாவம். வரி மங்கியதற்கு அதுவே காரணம். இனி யாரும் தேய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பூட்டுக்குள் போய்ப் பிசினாக உறைந்துவிடும். ஒப்படைக்கும் முன் மெல்லிய தாது எண்ணெயைத் துணியில் தொட்டு வெளியே மட்டும் துடைத்துவிடுங்கள். சந்தனம் குங்குமம் வைத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டிமேல் வையுங்கள்.

பெட்டி என்றதும் ஒரு கேள்வி. தாத்தா வாங்கியபோது தோல் பெட்டியோ, கருங்காலி நிறத்தில் மரப்பெட்டியோ கூட வந்திருக்கும். மூடியின் உள்பக்கம் கடையின் பெயரும் விலாசமும் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருப்பார்கள். கடைகள் இடம் மாறும்போது விலாசம் மாறும் என்பதால் அந்தக் காகிதத்தை வைத்தே காலத்தைச் சில வருஷங்களுக்குள் பிடித்துவிடலாம். பரணில் தேடுங்கள், துணி வைக்கும் பெட்டியாக மாறியிருக்கவும் கூடும். கிடைத்தால் அந்தப் படத்தையும், ஆக்‌ஷன் எண், இரும்புத் தோள், சேஃப்டி, முட்டுப் பக்கம் ஆகிய படங்களையும், ஒப்படைத்த ரசீதின் நகலோடு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் நான் மதிப்புச் சொல்வதில்லை.

சென்னைக்காரர் மறுபடி போன் செய்தால், வாங்க நினைப்பவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வெளிநாட்டு ஆளுக்காக வாங்குகிறேன் என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் மாட்டும். வரிசை எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள். பேரேட்டிலிருந்து பதில் உங்களுக்கு முதலில் வரட்டும்.